நரம்புக் காய வலிக்கு வைட்டமின்: எலிச் சோதனை தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எலியின் சியாட்டிக் நரம்பில் (பின்னங்காலுக்கு ஓடும் பெரிய நரம்பு) காயம் உண்டாக்கி, பி வைட்டமின் கொடுத்து, வலி குறைகிறதா என்று பார்ப்பது எம்.ஃபார்ம் மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் தலைப்பு. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வரும் நம் பிள்ளைகள் பலர் இதை ஆசையாக எடுத்துவிட்டுப் பாதியில் திணறுவதைப் பார்த்துவருகிறேன். எல்லாருக்கும் பயம் அறுவையைப் பற்றித்தான். ஆனால் அது பயிற்சியில் கைக்கு வந்துவிடும். சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் அளவெடுக்கும் கை, மருந்துக் கரைசல், காலண்டர் ஆகிய மூன்றும்தான். அதனால் இங்கே அவற்றுக்கே இடம் அதிகம்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் எலியை வாங்கிவிட்டுப் பிறகு யோசிப்பவர்கள்தான் கடைசியில் அந்த எலிகளை வீணாக்குகிறார்கள்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"வைட்டமின் வலியைக் குறைக்குமா?" என்பது சோதிக்கத் தக்க கேள்வி அல்ல. எந்த வைட்டமின், எப்போது கொடுக்கத் தொடங்குகிறீர்கள், கொடுத்த பிறகு எப்போது அளக்கிறீர்கள் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

அறுவை நாளன்றே ஊசியைத் தொடங்கினால், வலி உருவாவதைத் தடுக்கிறதா என்று பார்க்கிறீர்கள். வலி நிலைபெற்ற பிறகு, 7-ஆம் நாளோ 14-ஆம் நாளோ தொடங்கினால், இருக்கும் வலியைக் குறைக்கிறதா என்று பார்க்கிறீர்கள். மருத்துவரிடம் வரும் ஆளுக்கு நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருக்கும் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பயனுள்ள கேள்வியாகப் படுகிறது. முதலாவதையும் செய்யலாம். ஆனால் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதற்கான முடிவை எழுதக் கூடாது.

அளக்கும் நேரமும் அப்படித்தான். ஊசி போட்டு 30 முதல் 60 நிமிடத்துக்குள் அளந்தால் கிடைப்பது உடனடி விளைவு. மறுநாள், அன்றைய ஊசிக்கு முன்பாக அளந்தால் கிடைப்பது நாள்பட்டுச் சேர்ந்த விளைவு. நரம்பு மீள்கிறதா என்று கேட்பவருக்கு இரண்டாவதுதான் தேவை. எலியின் சியாட்டிக் நரம்புக் காயத்தில் அதிக அளவு மெத்தில்கோபாலமினை (பி12-இன் ஒரு வடிவம்) தொடர்ந்து கொடுத்தபோது நரம்பு மீள்வளர்ச்சி கூடியதாக 2010-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அப்படி ஒரு மாற்றம் அரை மணி நேரத்தில் தெரிய வராது.

இன்னொன்றும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் பி1, பி6, பி12 மூன்றும் தனித்தனியாகவும் சேர்த்தும் வெப்பத்துக்கான மிகையுணர்வைக் குறைத்தன, ஆனால் அழுத்தத்துக்கான மிகையுணர்வைக் குறைக்கவில்லை. 2006-இல் வந்த மற்றொன்றில், முதுகுத்தண்டு நரம்பைக் கட்டிய எலிகளில் தையமினும் (பி1) சையனோகோபாலமினும் (பி12) தொடு உணர்வு வலியையும் குறைத்தன. மாதிரியும் சோதனை முறையும் மாறினால் விடையும் மாறுகிறது. ஒரே ஒரு சோதனையை வைத்து இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

2. காயத்துக்கான மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்களுக்கு நான் சொல்வது சி.சி.ஐ., அதாவது நாள்பட்ட ஒடுக்கக் காயம். 1988-இல் பென்னட்டும் ஷீயும் விவரித்த முறை இது. சியாட்டிக் நரம்பைச் சுற்றி நான்கு தளர்வான கட்டுகள் போடுவார்கள். வலி சில நாளில் தொடங்கி, இரண்டாவது வாரம் வாக்கில் உச்சத்துக்கு வந்து, ஏறக்குறைய இரண்டு மாதம் நீடிக்கும். வைட்டமின் போன்ற மெதுவான மருந்துக்கு இந்த அவகாசம் போதும்.

எல்5, எல்6 என்ற முதுகுத்தண்டு நரம்புகளை இறுக்கிக் கட்டும் எஸ்.என்.எல். (1992) முறையில் அறுவை கடினம். சியாட்டிக் நரம்பின் டிபியல், காமன் பெரோனியல் கிளைகளை வெட்டிவிட்டு சூரல் கிளையை மட்டும் விட்டுவைக்கும் எஸ்.என்.ஐ. (2000) செய்ய எளிது. ஆனால் வெட்டப்பட்ட நரம்பில் 'மீட்பு' பற்றிய கேள்விக்கு இடம் குறைவு.

3. அனுமதிக்குப் பிறகுதான் எலி

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு பி படிவம் கொடுத்து, ஒப்புதல் எண் கையில் வந்த பிறகுதான் எலிக்கு ஆர்டர் போட வேண்டும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கி, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் சி.சி.எஸ்.இ.ஏ. அமைப்பின் விதி அது. பழைய ஆட்கள் அதை இன்னும் சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்றே சொல்வார்கள்.

படிவத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, எண்ணிக்கைக்கான காரணம். "மற்றவர்கள் ஆறு வைத்தார்கள்" என்பது காரணம் ஆகாது. எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அளவுகள் எவ்வளவு சிதறும் என்பதைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டுங்கள். இன்னொன்று, வலி நிவாரணி. வலியையே ஆராய்வதால் அறுவைக்குப் பின் வலி நிவாரணி தரமாட்டோம் என்று பலர் ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். எந்த நாள்களில் தரமுடியாது, ஏன், அறுவைப் புண்ணின் வலிக்கு வேறென்ன செய்வீர்கள், எந்த நிலையில் விலங்கைச் சோதனையிலிருந்து எடுப்பீர்கள் என்று தெளிவாக எழுதினால்தான் குழு ஏற்கும். அப்படிக் கேட்பது நியாயமும்கூட.

4. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பழக ஒரு வாரம், பயிற்சிக்கும் அடிப்படை அளவுக்கும் ஒரு வாரம், அறுவைக்குப் பின் 21 அல்லது 28 நாள். மொத்தம் ஐந்து ஆறு வாரம். இதில் ஊசி போடும் நாள்கள் ஒன்றுகூட விடுபடக் கூடாது.

எங்கள் பக்கம் இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. ஓணம் விடுமுறையில் கல்லூரி காலியாகிவிடும். பாலக்காட்டில் பொங்கலுக்கும் உள்ளூர் விடுமுறை வரும், பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். இவற்றையாவது முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஹர்த்தால் அப்படியல்ல, முந்தின நாள் இரவு அறிவிப்பு வரும், காலையில் பஸ் இருக்காது. பொள்ளாச்சியிலிருந்து வருபவர் பத்தாவது நாள் ஊசியை எப்படிப் போடுவார்? கல்லூரிக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவரை மாற்று ஆளாக நெறிமுறைக் குழுவின் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள். கடைசி நிமிஷத்தில் பெயர் இல்லாத ஒருவரை அனுப்பி ஊசி போடச் சொல்வது விதிமீறல்.

பருவமும் முக்கியம். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். மின்சாரம் போய் விலங்கு அறையின் ஏ.சி. நின்றால் பாத வெப்பம் மாறும், வெப்பச் சோதனை பொய் சொல்லும். ஜூனில் மழை இறங்கினால் வேறொரு தொல்லை, அதை 7-ஆம் பகுதியில் சொல்கிறேன். மே மாதம் தொடங்கி ஜூனில் முடியும்படி திட்டமிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அடிப்படை அளவு ஒரு பருவத்தில், மருந்து அளவு இன்னொரு பருவத்தில் என்று ஆகிவிடும்.

5. எலி வந்து சேர்வதும் பழகுவதும்

பதிவு பெற்ற இடத்திலிருந்து மட்டும் வாங்குங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்தோ அதற்கு அப்பாலிருந்தோ வண்டியில் வருவதானால், வாளையாறு சோதனைச் சாவடியில் நண்பகலில் நிற்கும்படி விடாதீர்கள். விடியற்காலையில் கடந்துவிட வேண்டும். காகிதங்கள் ஓட்டுநரிடம் இருக்கட்டும்.

வந்ததும் குறைந்தது ஏழு நாள் தொடக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் நேர்மாறு. சோதனை செய்யக் கூடாது, ஆனால் தினமும் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். பயந்த எலிக்கு வலி உணர்வு தற்காலிகமாகக் குறையும். ஆண்களின் வாசனையே எலிகளிடம் இப்படி ஒரு விளைவை உண்டாக்குவதாக 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் அளப்பவர் ஆணா பெண்ணா என்பது கடைசி வரை மாறாமல் இருக்க வேண்டும், முடிந்தால் அளப்பவரே மாறக் கூடாது.

தீவனத்தைக் கவனியுங்கள். எலி உருண்டைத் தீவனத்தில் பி வைட்டமின்கள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். ஆகவே உங்கள் எலிகளுக்குக் குறைபாடு இல்லை, தேவைக்கு மிஞ்சிய அளவை மருந்தாகக் கொடுத்துப் பார்க்கிறீர்கள். கட்டுரையில் இதைச் சொல்ல மறக்காதீர்கள். இடையில் தீவனக் கம்பெனியை மாற்றாதீர்கள்.

எலி தன் புழுக்கையையே தின்னும். குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பி12 அதற்கு அப்படித்தான் கிடைக்கிறது. வாய்வழியாக அதிக அளவு வைட்டமின் கொடுத்தால் உறிஞ்சப்படாத பங்கு புழுக்கையில் போகும், கூட இருக்கும் கட்டுப்பாட்டு எலி அதைத் தின்னும். வாய்வழி மருந்தானால் ஒரு கூண்டில் ஒரே குழுவை வையுங்கள். ஆனால் ஒரு குழுவுக்கு ஒரே கூண்டு என்று முடித்துவிடாதீர்கள், இரண்டு மூன்று கூண்டுகளாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் கூண்டின் தன்மையையும் மருந்தின் விளைவையும் பிரித்தறிய முடியாது.

6. குழுக்கள்

ஷாம் அறுவை (நரம்பைக் கட்டாத போலி அறுவை) செய்து, மருந்தில்லாத வெறும் கரைப்பான் பெறும் குழு, சி.சி.ஐ. செய்து கரைப்பான் பெறும் குழு, சி.சி.ஐ. செய்து வைட்டமின் இரண்டு அளவுகளில் பெறும் குழுக்கள், சி.சி.ஐ. செய்து கபாபென்டின் போன்ற தெரிந்த மருந்து பெறும் குழு. இவ்வளவும் எல்லாரும் வைப்பது.

பலர் விட்டுவிடுவது ஷாம் அறுவையுடன் அதிக அளவு வைட்டமின் பெறும் குழுவை. அது இல்லாமல், வைட்டமின் காயத்தின் வலியைக் குறைத்ததா, பொதுவாகவே எல்லா எலியின் உணர்வையும் மந்தமாக்கியதா என்று சொல்ல வழியில்லை. பி6 சோதிப்பவர்களுக்கு இது கட்டாயம். அதிக அளவு பிரிடாக்சின் (பி6) தானே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். எலிகளில் நரம்பு நோயை உண்டாக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். உணர்வு செத்த எலி காலை இழுக்காது, நீங்கள் அதை 'வலி குறைந்தது' என்று எழுதிவிடுவீர்கள்.

7. அறுவைக்கு முன் அளவெடுக்கும் கையைத் தயார் செய்யுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வேறு யாருடைய சோதனையிலாவது கட்டுப்பாட்டு எலிகள் இருந்தால், அனுமதியோடு அவற்றில் பயிலுங்கள். ஒரே எலியை இரண்டு நாள் அளந்தால் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். வராத வரை அறுவைக்குத் தேதி குறிக்காதீர்கள்.

தொடு வலியை அளக்கும் வான் ஃப்ரே இழைகளில் தொடங்குங்கள். கம்பி வலைத் தளத்தில் எலியை விட்டு, அது மோப்பம் பிடித்து அலைவதை நிறுத்தும்வரை காத்திருங்கள். 15 நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். நடுப் பாதத்தில், தடித்த மேடுகளைத் தவிர்த்து, இழையைச் செங்குத்தாக வைத்து, அது லேசாக வளையும்வரை அழுத்தி 6 முதல் 8 விநாடி வைத்திருங்கள். காலைச் சடாரென்று இழுத்தாலோ, இழையை எடுத்தவுடன் துள்ளினாலோ அது பதில். நடக்கக் காலைத் தூக்கினால் பதில் அல்ல, மறுபடி செய்ய வேண்டும். புதியவர்களின் எண்கள் சிதறுவது பெரும்பாலும் இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான்.

1994-இல் சாப்லான் குழு விவரித்த மேல்-கீழ் முறையைப் பின்பற்றுங்கள். 0.41, 0.70, 1.20, 2.00, 3.63, 5.50, 8.50, 15.10 கிராம் இழைகள். 2 கிராமில் தொடங்கி, பதில் வந்தால் ஒரு படி கீழே, வராவிட்டால் ஒரு படி மேலே. பதில் முதல்முறை மாறிய பிறகு இன்னும் நான்கு முறை தொடர்ந்து, அந்த வரிசையை அட்டவணையில் பார்த்து 50 சதவீத வாசலை (பாதி முறை காலை இழுக்க வைக்கும் அழுத்தம்) கணக்கிட வேண்டும். 15 கிராமுக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் இழை காலையே தூக்கிவிடும், எலி இழுத்ததா நீங்கள் தள்ளினீர்களா என்று தெரியாது.

மழைத் தொல்லைக்கு வருகிறேன். இழை நைலான், ஈரத்தை உறிஞ்சும். ஜூன் மழையில் அது மென்மையாகும், கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் விறைக்கும். மென்மையான இழை தன் மேல் எழுதியிருப்பதைவிடக் குறைவாகவே அழுத்தும். எலி இன்னும் தடித்த இழைக்குத்தான் காலை இழுக்கும், வாசல் உயர்ந்ததாகப் பதிவாகும், வைட்டமின் வேலை செய்ததாகத் தெரியும். ஒவ்வொரு சோதனை நாளும் காலையில் ஒவ்வொரு இழையையும் எடைத்தராசின் தட்டில் வளையும்வரை அழுத்தி, காட்டும் கிராமைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரப்பதமானியை அந்த அறையிலேயே மாட்டுங்கள். பெரிய செலவில்லை, ஆனால் செய்பவர்கள் மிகக் குறைவு.

வெப்பத்துக்கு, கண்ணாடித் தளத்தின் கீழிருந்து பாதத்தைச் சூடாக்கும் ஹார்க்ரீவ்ஸ் கருவி (1988) இருந்தால் அதுவே நல்லது, பாதம் பாதமாக அளக்கலாம். கண்ணாடித் தளத்தில் சிறுநீர் இருந்தால் துடையுங்கள், ஈரம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வெப்பம் 20 விநாடிக்கு மேல் போகக் கூடாது, தோல் கருகும். ஒரே பாதத்தை மறுபடி அளக்க ஐந்து நிமிடமாவது விடுங்கள். சூடான தட்டு மட்டுமே இருக்கும் இடங்களில், காயம் பட்ட கால் எப்போது துள்ளியது என்று தனியாகக் குறியுங்கள். எந்தக் கால் துள்ளினாலும் நேரத்தை நிறுத்துவது ஒரு பக்கக் காயத்துக்குப் பொருந்தாது.

குளிருக்கு அசிட்டோன் துளி போதும். ஊசிமுனை தோலைத் தொடாமல் துளி மட்டும் தொட வேண்டும். தொட்டுவிட்டால் நீங்கள் அளப்பது குளிரை அல்ல.

8. கரைசலையும் முன்பே ஒருமுறை செய்து பாருங்கள்

ஊசி போட வேண்டிய காலையில்தான் முதல்முறையாக மருந்தைக் கரைக்கிறார்கள். அப்போது கரையவில்லை என்று தெரிந்தால் போச்சு.

ஒரு கணக்கு. தையமின் கிலோவுக்கு 100 மி.கி., ஊசி அளவு கிலோவுக்கு 5 மி.லி. என்று வைத்தால், கரைசல் ஒரு மி.லி.-க்கு 20 மி.கி. 250 கிராம் எலிக்கு 1.25 மி.லி. போகும், அதில் 25 மி.கி. இருக்கும். எல்லா மருந்துக்கும் ஊசியின் கன அளவை ஒரே மாதிரி வைத்து, செறிவை மட்டும் மாற்றுங்கள். ஒரு குழு அதிக நீர் பெற்றது என்ற சந்தேகம் வராது.

பி12-இல் எடை சிக்கல். கிலோவுக்கு 0.5 மி.கி. என்றால் கரைசல் ஒரு மி.லி.-க்கு 0.1 மி.கி. 20 மி.லி. செய்ய 2 மி.கி. மட்டும் வேண்டும். சாதாரணத் தராசில் அதைத் துல்லியமாக எடுக்க முடியாது. 20 மி.கி. எடுத்து 20 மி.லி.-இல் கரைத்து, அதிலிருந்து பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள்.

கோபாலமின்கள் வெளிச்சத்தில் சிதையும். மெத்தில்கோபாலமின் கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராக்சோகோபாலமினாக மாறிவிடும். பழுப்பு நிறக் குப்பி, அதன்மேல் அலுமினியத் தாள், அறையில் மங்கலான வெளிச்சம், அன்றன்று புதிதாகக் கரைத்தல். ஜன்னலோர மேஜையில் சிவப்புக் கரைசலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர், திரும்பி வந்து ஊசி போடுவது எந்த மருந்தை என்று அவருக்கே தெரியாது.

தையமின் ஹைட்ரோகுளோரைடும் பிரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடும் அமிலத் தன்மை உள்ளவை. அப்படியே வயிற்றுக்குள் ஊசி போட்டால் எலி நெளியும். அந்த எரிச்சலே வலிச் சோதனையைக் குழப்பும். காரம் சேர்த்து முழுதாகச் சரிசெய்யலாம் என்றால், தையமின் காரத்தில் சிதையும். வழி என்னவென்றால், அமிலத்தைப் பாதியளவு மட்டும் குறைத்து உடனே பயன்படுத்துங்கள், கட்டுப்பாட்டுக் குழுவின் கரைப்பானையும் அதே பி.எச்.-இல் வையுங்கள். மூன்று வைட்டமின்களைச் சேர்த்துக் கொடுப்பதானால் ஒரே குப்பியில் கலந்து வைக்காதீர்கள், தையமின் சிதைவு பி12-ஐயும் கெடுக்கும்.

வைட்டமின் டி, ஈ எடுப்பவர்களுக்கு எண்ணெய்க் கரைப்பான் வேண்டும். அப்போது கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே எண்ணெய், சலைன் அல்ல.

9. நிறம் ரகசியத்தை உடைக்கும்

எந்த எலிக்கு என்ன மருந்து என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. வேறு மருந்துகளில் குறியீட்டு எண் போட்டால் போதும். பி12-இல் போதாது. கரைசல் சிவப்பு. அளவு கூடினால் சிறுநீரும் சிவக்கும், கூண்டின் தூளிலும் தெரியும்.

ஆகவே ஊசி போடுபவர் வேறு, அளப்பவர் வேறு. சிரிஞ்சைத் தாளால் சுற்றுங்கள். அளக்கும் அறைக்கு எலியை மட்டும் கொண்டுவாருங்கள், கூண்டு வெளியே இருக்கட்டும். கூண்டு அட்டையில் எண் மட்டும். விலங்கு அறையைப் பார்த்துக்கொள்ளும் சேட்டனிடமும் குழுவைச் சொல்லாதீர்கள். அவர் நல்ல மனசோடு "அந்தச் சிவப்பு ஊசி எலி நன்றாக நடக்குதே" என்று சொல்லிவிடுவார், அப்புறம் அளப்பவரின் கண்ணுக்கு அந்த எலி நன்றாகத்தான் நடக்கும்.

10. அடிப்படை அளவு, பிறகு குலுக்கல்

அறுவைக்கு முன் இரண்டு மூன்று வெவ்வேறு நாள்களில் அளந்து சராசரி எடுங்கள். இயல்பிலேயே மிகக் குறைந்த வாசல் உள்ள எலியை இப்போதே விலக்குங்கள். எந்த எண்ணுக்குக் கீழே விலக்குவோம் என்பதை அளப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

குழு பிரிப்பது கணினிக் குலுக்கலில். கூண்டில் கைக்கு முதலில் வந்த எலி முதல் குழுவுக்கு என்று செய்தால், சுறுசுறுப்பில்லாத எலிகளெல்லாம் ஒரே குழுவில் சேரும்.

11. அறுவை

படித்துக் கற்கும் வேலை அல்ல இது. அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முடிச்சுப் போடும் பயிற்சியை வேறு சோதனையில் ஏற்கெனவே இறந்த எலிகளில் முடித்துவிட்டு வாருங்கள்.

மயக்க மருந்து: கெட்டமின் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, பதிவேடு வேண்டும். அதைவிட முக்கியம், அது என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தடுக்கும், வலிப் பாதையிலேயே கை வைக்கும். வேறு வசதி இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் ஷாம் உட்பட எல்லாருக்கும் அதே மருந்து, அதே அளவு.

தொடை நடுவில் கீறி, தசையை வெட்டாமல் பிரித்து, மூன்றாகக் கிளைப்பதற்கு மேலே நரம்பைக் கொஞ்ச நீளம் விடுவிக்க வேண்டும். 4-0 குரோமிக் கேட்கட் நூலால் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளியில் நான்கு கட்டுகள். நரம்பு லேசாக ஒடுங்கியதாகத் தெரிந்தால் போதும், மேலோட்டமான ரத்த ஓட்டம் நிற்கக் கூடாது. கட்டும்போது தசை ஒருமுறை துடிக்கும், அங்கேயே நிறுத்துங்கள். பயத்தில் இறுக்கினால் நரம்பு செத்துக் கால் மரத்துப் போகும். வலி எலி கிடைக்காது, உணர்வற்ற எலிதான் கிடைக்கும்.

கேட்கட் கிடைக்கவில்லை என்று பட்டு நூலால் கட்டாதீர்கள். குரோமிக் கேட்கட் உண்டாக்கும் ரசாயன எரிச்சலும் அழற்சியும் இந்த மாதிரியின் ஒரு பங்கு. முழுச் சோதனைக்கும் ஒரே தொகுதி நூலை வாங்கி வையுங்கள், எல்லா அறுவையையும் ஒரே ஆள் செய்யட்டும். ஒரு நாளில் ஒரு குழுவை முடிப்பது என்று செய்யாமல், தினமும் எல்லாக் குழுவிலிருந்தும் கொஞ்சம் எடுங்கள். கை நாளுக்கு நாள் தேறும், அந்தத் தேர்ச்சி ஒரே குழுவுக்குப் போய்விடக் கூடாது.

12. அறுவைக்குப் பின்

மயக்கம் தெளியும்வரை உடல் சூடு காக்க வேண்டும். மென்மையான படுக்கைத் தூள் போடுங்கள், கரடுமுரடான தரை புண்பட்ட பாதத்தைக் குத்தும். தினமும் எடை பாருங்கள்.

விரலைக் கடித்துத் தின்னத் தொடங்கினாலோ, எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, புண் சீழ் பிடித்தாலோ அந்த எலி சோதனையிலிருந்து வெளியே. "இன்னும் நான்கு நாள்தானே" என்று தள்ளிப்போடுவதற்கு எந்தக் குழுவும் அனுமதி தந்திருக்காது.

காயம் பிடித்ததா என்பதை மருந்து தொடங்கும் முன் அளந்து பாருங்கள். வாசல் இறங்காத எலிக்கு வைட்டமின் கொடுத்து 'வலி இல்லை' என்று எழுதுவதில் பொருளில்லை.

13. சோதனை நாள்

எப்போதும் ஒரே மணி நேரத்தில் தொடங்குங்கள். தொல்லை குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள்: வான் ஃப்ரே, பிறகு அசிட்டோன், கடைசியில் வெப்பம். இடையில் ஓய்வு. சூடு பட்ட பாதத்தை அப்புறம் இழையால் தொட்டால் அது வேறு எலி.

காயம் படாத பாதத்தையும் அளங்கள். நடக்கும் திறனை ரோட்டராடில் (சுழலும் தண்டு) பாருங்கள். தள்ளாடும் எலி மெதுவாகத்தான் காலை இழுக்கும், அது வலி குறைந்ததற்கு அடையாளம் அல்ல.

கடைசி நாள் திசு எடுப்பதற்கும் முன்பே திட்டம் வேண்டும். நரம்பை நுண்ணோக்கியில் பார்க்க ஃபார்மலின், குளுட்டாதயான் போன்றவற்றை அளக்கப் பனிக்கட்டி. ஒரே துண்டை இரண்டுக்கும் பயன்படுத்த முடியாது. எந்த எலி எதற்கு என்பதையும் குலுக்கலில் முடிவு செய்யுங்கள்.

14. கணக்கும் எழுத்தும்

ஒரே எலியைப் பல நாள் அளப்பதால் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக டி-டெஸ்ட் போடக் கூடாது. குழு, நாள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் தொடர் அளவீட்டு அனோவா வேண்டும். வான் ஃப்ரே எண்களை மடக்கையாக மாற்றிவிட்டுக் கணக்கிடுங்கள், இழைகளின் படிகளே மடக்கை அளவில்தான் அமைந்தவை. எடுத்து நீக்கிய எலிகளின் எண்ணிக்கையையும் காரணத்தையும் எழுதுங்கள். விலங்குச் சோதனைகளை எழுதுவதற்கென 2020-இல் திருத்தி வெளிவந்த அரைவ் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் எதுவும் விடுபடாது. குறியீட்டு எண்களை உடைப்பது கணக்கு முடிந்த பிறகு.

மனிதருக்கான அளவைச் சொல்லும் ஆசை எல்லாருக்கும் வரும். எலியின் கிலோ அளவை அப்படியே மனிதருக்குப் பெருக்கக் கூடாது. உடற்பரப்புக் கணக்கில் சுமார் 6.2-ஆல் வகுக்க வேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 100 மி.கி. தையமின் என்றால் 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 970 மி.கி. 0.5 மி.கி. பி12 என்றால் ஏறக்குறைய 4.8 மி.கி., அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் 1500 மைக்ரோகிராம் மாத்திரை மூன்றுக்கு மேல். அதுவும் எலிக்கு ஊசியில் போனது, மாத்திரையில் போனதல்ல. வாயால் விழுங்கும் பி12-இல் உடலுக்குள் சேர்வது சிறு பங்குதான். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, பரிந்துரை எதுவும் எழுதாமல் நிறுத்துங்கள்.

வெப்ப வலி குறைந்து தொடு வலி குறையவில்லை என்று வந்தால், இரண்டையும் சுருக்கத்திலேயே எழுதுங்கள். ஒன்றைப் பின்பக்க அட்டவணைக்குத் தள்ளினால், வைவாவில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.